அடைக்கூடையோடு சில சொற்கள்

மருமகளே,

குலசாமி கும்பிட வந்த அன்று எங்கள் திண்ணையில் உட்கார்ந்து, "அத்தை, நானும் நாலு கோழி வளர்க்கட்டுமா?" என்று கேட்டாய். நான் உடனே பதில் சொல்லவில்லை. அது உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். கோழி வளர்ப்பில் ஒளித்து வைக்க ஒன்றுமில்லை. ஆனால் என் அவசரத்தாலும் அசட்டையாலும் செத்த உயிர்கள் எத்தனை என்பது எனக்குத்தான் தெரியும். 1976-ல், 19 வயதில் இந்த வீட்டுக்கு வாழ வந்தேன். மாமியார் எனக்கென்று தந்த முதல் சொத்து ஒரு சாம்பல் நிறப் பெட்டைக்கோழி. அன்று தொட்டு இந்தக் கொல்லையில் கோழிச் சத்தம் இல்லாமல் போனது ஒரே ஒரு கோடையில் மட்டும்தான். அந்தக் கோடையைப் பற்றியும் சொல்கிறேன். உனக்காக ஒரு அடைக்கோழியும் 11 முட்டையும் எடுத்து வைத்திருக்கிறேன். அவற்றோடு இதையும் வாங்கிக்கொள்.

1. கோழி வாங்குவதற்கு முன் உன் கொல்லையைப் பத்து நாள் பார். காலை வெயில் எங்கே விழுகிறது, உச்சி நேரத்து நிழல் எந்தப் பக்கம் நகர்கிறது, மழை பெய்தால் தண்ணீர் எங்கே தேங்குகிறது, தெரு நாய் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது, பருந்து எந்த மரத்து உச்சியில் உட்காருகிறது என்று பார். கூட்டுக்கு இடம் அதற்குப் பிறகு. மாமியார் கொடுத்த ஒற்றைப் பெட்டை பெருகும்வரை எனக்குப் பொறுக்கவில்லை. கல்யாணத்தில் எனக்கென்று வந்த மொய்ப்பணத்தை முடிந்துகொண்டு திருப்புவனம் செவ்வாய்ச் சந்தைக்குப் போய் ஒரே நாளில் 10 கோழி வாங்கி வந்தேன். கூட்டை வைத்த இடம் மழைத்தண்ணீர் ஓடும் தடம் என்று எனக்குத் தெரியாது. ஐப்பசி அடைமழையில் ஈரத்திலேயே நின்று நின்று ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. மாதம் முடியும்போது மிஞ்சியவை நான்கு. உனக்கு இப்போதைக்கு இரண்டு பெட்டையும் ஒரு சேவலும் போதும்.

2. எந்தக் கோழியிடம் எதைக் கேட்கலாம் என்று தெரிந்து வாங்கு. பெருவிடை நிமிர்ந்து நின்றால் ஊரே பார்க்கும். நல்ல விலையும் போகும். ஆனால் அடையில் உட்கார்ந்தால் அதன் பாரத்துக்கு முட்டை உடையும். நாமக்கல் பண்ணைகளில் நிற்கிற வெள்ளைக் கோழி வருஷத்துக்கு 300 முட்டை வரை இடும். ஆனால் அடை உட்காரும் குணத்தை அதன் வம்சத்திலிருந்தே மனிதர்கள் கழித்துவிட்டார்கள். ஹைதராபாத்தில் உருவான வனராஜாவும், நம் கால்நடைப் பல்கலைக்கழகத்து நந்தனம் கோழியும் கொல்லையில் வளர்க்கவென்றே வந்தவை. முட்டைக்கு நல்லவை, அடைக்கு நம்ப முடியாது. சிறுவிடை இருக்கிறதே, அது ஒரு ஈட்டுக்கு 12, 15 முட்டை இட்டதும் அடையில் உட்கார்ந்துவிடும். வருஷத்துக்கு 60, 70 முட்டைக்கு மேல் அதனிடம் எதிர்பார்க்காதே. ஆனால் கீரி வந்தால் குறுக்கே நிற்கும். அதனால்தான் உனக்குச் சிறுவிடை எடுத்து வைத்தேன்.

3. அடைக்கு வைக்கும் முட்டையில் பேராசை வேண்டாம். இட்டு ஏழு நாளுக்குள் உள்ள முட்டையாக இருக்கட்டும். ரொம்பப் பெரிதும் ரொம்பச் சிறிதும் வேண்டாம். வெடைக்கோழி முதன்முதலாக இடுகிற சின்ன முட்டைகளைக் குழம்புக்கு எடுத்துக்கொள். முட்டையைத் தண்ணீரில் கழுவாதே. கழுவினால் ஓட்டின் மேலிருக்கும் மெல்லிய பூச்சு போய், கண்ணுக்குத் தெரியாத துளை வழியே அழுக்கு உள்ளே இறங்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதே. மண்கலயத்தில் ஆற்று மணல் பரப்பி, அகன்ற பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கு.

ஒரு வருஷம் 20 நாள் சேர்த்து வைத்த முட்டையையும் கூட்டி, மொத்தம் 17 முட்டையை ஒரே கோழியின் அடியில் வைத்தேன். பொரித்தது மூன்று. அதிகமாக வைத்த ஆறுதானே கெட வேண்டும், மற்றவை ஏன் கெட்டன என்று எனக்குப் புரியவே இல்லை. மாமியார் கூடைக்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்துக் காட்டினார். தாய்க்கோழி ஓரத்தில் கிடக்கிற முட்டையை அலகால் உள்ளே இழுக்கும், உள்ளே கிடப்பதை வெளியே தள்ளும். எல்லா முட்டைக்கும் சூடு கிடைக்கட்டும் என்று அது செய்கிற வேலை அது. இடம் போதாவிட்டால் இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று எல்லா முட்டையும் முறை வைத்து வெளியே குளிர்ந்துபோகும். கோழியின் வயிறு மூடுகிற அளவுதான் முட்டை. சிறுவிடைக்கு 9, மிஞ்சினால் 11.

4. அடைக்கோழியை மதி. மூன்று வாரம் அது தன் உடம்பைக் கரைத்து உட்காருகிறது. சிறகை உப்பிக்கொண்டு, கிட்டே போனால் உறுமிக்கொண்டு, இரவிலும் முட்டை இட்ட இடத்தை விட்டு எழாமல் இருந்தால் அடைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். ஆள் நடமாட்டம் இல்லாத இருட்டு மூலையில் பழைய கூடையை வைத்து, அடியில் மணலும் சாம்பலும் போட்டு, மேலே வைக்கோலைக் கசக்கிப் பரப்பு. வைக்கோலுக்கு நடுவே நொச்சி இலையோ வேப்பிலையோ கிடக்கட்டும். ஒருமுறை சாம்பல் போடச் சோம்பினேன். கூடையெல்லாம் செல்லுப் பூச்சி ஏறி, பிடுங்கல் தாங்காமல் பதினைந்தாம் நாள் கோழி எழுந்து போய்விட்டது. பாதி வளர்ந்த குஞ்சுகளோடு முட்டைகள் குளிர்ந்து கிடந்தன. கோழியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வெளியிலிருந்து வருகிற கோழியைப் பகலில் கூடையில் வைக்காதே. இருட்டிய பிறகு வை. முதல் நாள் இரண்டு கூமுட்டையை மட்டும் அடியில் விட்டுப் பார். இடம் பிடித்து அமர்ந்துவிட்டால் மறுநாள் இரவு நல்ல முட்டைகளை ஒவ்வொன்றாகச் செருகு. தினம் ஒரு தடவை அது தானாக இறங்கி, தின்று, குடித்து, எச்சமிட்டு, மண்ணில் புரண்டுவிட்டுக் கால்மணி நேரத்தில் திரும்பும். இறங்காமல் பிடிவாதமாகக் கிடந்தால் நீயே மெல்லத் தூக்கி இறக்கி விடு. தூக்கும்போது இறக்கைக்குள் முட்டை சிக்கியிருக்கிறதா என்று கைவிட்டுப் பார்.

கூடையில் ஒரு இரும்புத் துண்டும், அடுப்புக் கரியும், ஒரு வரமிளகாயும் போட்டுத் தந்திருப்பேன். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும், இரும்பு அதைத் தாங்கிக்கொள்ளும் என்பது பெரியவர்கள் சொன்னது. இரும்பு தாங்குகிறதோ இல்லையோ, இந்த மூன்றையும் தேடி எடுத்துப் போடுகிற நேரத்தில் கூடையை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிடுகிறோம். என் மாமியாரின் கை அது. எனக்கு விட மனசில்லை.

5. ஏழாம் நாள் இரவு முட்டையை வெளிச்சத்தில் பார். நாங்கள் சிம்னி விளக்கின் முன் கையைக் குழித்துப் பார்த்தோம். உனக்குக் கைபேசி வெளிச்சம் இருக்கிறது. உள்ளே சிலந்தி வலை மாதிரி சிவப்பு நரம்பு ஓடி, நடுவில் ஒரு கருப்புள்ளி துடித்தால் உயிர். தெளிவாகக் கிடந்தால் கூமுட்டை, எடுத்துவிடு. விட்டு வைத்தால் அழுகி வெடித்து நல்ல முட்டைகளையும் நாறடிக்கும். இந்த ஒரு தடவை போதும். ஆசையாக இருக்கிறதென்று தினமும் எடுத்து எடுத்துப் பார்க்காதே.

6. பொரிக்கிற நாளில் கையைக் கட்டிக்கொள். இதை உனக்கு எப்படிச் சொன்னால் மனதில் தங்கும் என்று பல நாள் யோசித்தேன். நடந்ததையே சொல்லிவிடுகிறேன்.

என் முதல் அடை. இருபதாம் நாள் மாலை. ஒரு முட்டையில் மிளகு அளவு ஓட்டை, அதற்குள் அலகு நுனி, உள்ளிருந்து "கீச் கீச்" என்று சத்தம். நான் அரைமணிக்கு ஒருதரம் போய்ப் பார்த்தேன். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகும் ஓட்டை அப்படியே இருந்தது. உள்ளே மூச்சு முட்டுகிறதோ, பலம் இல்லையோ என்று எனக்குப் பதறியது. நகத்தால் ஓட்டைக் கொஞ்சம் பெயர்த்தேன். இன்னும் கொஞ்சம். உள்தோலைப் பிரித்தபோது ரத்தம் வந்தது. சின்ன நூல் மாதிரி வந்து நிற்காமல் வந்தது. மஞ்சள் கரு இன்னும் வயிற்றுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. என் உள்ளங்கையிலேயே அது அடங்கிப்போனது. மாமியார் திட்டவில்லை. சொம்பில் தண்ணீர் எடுத்து வந்து என் கையைக் கழுவிவிட்டார், அவ்வளவுதான்.

பிறகுதான் தெரிந்துகொண்டேன். அலகால் முதல் ஓட்டை போட்ட பிறகு குஞ்சு சும்மா கிடப்பதுபோல் நமக்குத் தெரியும். உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும். தோலில் ஓடுகிற ரத்தத்தை உடம்புக்குள் இழுக்கும், மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை வயிற்றுக்குள் வாங்கும், காற்றை மூச்சாக்கப் பழகும். ஒரு பகல், ஒரு இரவு வரைகூட ஆகும். அதெல்லாம் முடிந்த பிறகுதான் முட்டையைச் சுற்றிக் கோடு கிழித்ததுபோல் கொத்தி, உதைத்து வெளியே வரும். 21-ம் நாள் என்பது நம் கணக்கு. ஒன்றிரண்டு ஒரு நாள் முந்தும், ஒன்று பிந்தும். அந்த நேரத்தில் உனக்கு ஒரே வேலைதான். கூடையின் பக்கம் நாயும் பிள்ளைகளும் போகாமல் பார்த்துக்கொண்டு வாசலில் உட்கார்.

7. பொரித்த அன்றே தீனி கொடுக்க அவசரப்படாதே. வயிற்றுக்குள் வாங்கிய மஞ்சள் கரு இரண்டு நாளுக்குத் தாங்கும். எல்லாம் காய்ந்து, பஞ்சுபோல் உப்பி, தாயோடு இறங்கட்டும். முதலில் தண்ணீர். பிறகு அரிசிக் குருணை, கம்பு, கேழ்வரகு. தண்ணீரைத் தட்டையான தட்டில் வைத்து, கூழாங்கல் நிரப்பி, கல்லுக்கு நடுவே அலகு மட்டும் நனையும்படி விடு. ஒரு கிண்ணம் நிறையத் தண்ணீர் வைத்துவிட்டு நான் நடவுக்குப் போன நாளில் நான்கு குஞ்சுகள் மிதந்தன. உள்ளங்கை அளவுத் தண்ணீர்தான் அது.

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். இடம் இருந்தால் சாகாது. சின்னப் பஞ்சாரத்துக்குள் தாயையும் பத்துக் குஞ்சையும் அடைத்து வைத்தால் மிதிபட்டுச் சாகும், நான் பார்த்திருக்கிறேன். பஞ்சாரம் அகலமாக இருக்கட்டும்.

குஞ்சுக்கு உடம்பு பிடிக்கக் கரையானைவிட நல்ல தீனி எனக்குத் தெரியாது. பழைய பானைக்குள் காய்ந்த சாணம், கிழிந்த சாக்கு, ஓலைத் துண்டு இவற்றைத் திணித்துத் தண்ணீர் தெளித்து, கரையான் ஓடுகிற இடமாகப் பார்த்துச் சாயங்காலம் கவிழ்த்து வை. விடிந்து எடுத்தால் பானை நிறைய இருக்கும். வெயில் ஏறுமுன் எடுத்துவிடு. ஏறிவிட்டால் மண்ணுக்குள் போய்விடும்.

தாய் இல்லாத குஞ்சுகள் என்றால் 60 வாட் குண்டு பல்பு போட்டுச் சூடு காட்ட வேண்டும். சூடு சரியா என்று குஞ்சுகளே சொல்லும். பல்பின் அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர்கிறது. ஓரத்துக்குப் போய் வாயைத் திறந்து நின்றால் சுடுகிறது. பரவலாகப் படுத்துத் தூங்கினால் சரி. மின்சாரம் போகிற இரவில் நீயும் விழித்திருக்க வேண்டும், அதற்குத் தயார் என்றால் மட்டும் தாயில்லாக் குஞ்சை வாங்கு.

8. கூடையில் ரோஸ், பச்சை, மஞ்சள் என்று சாயம் தோய்த்த குஞ்சுகளை விற்றுக்கொண்டு தெருவில் வருவார்கள். முட்டைப் பண்ணைக்கு வேண்டாத சேவல் குஞ்சுகள் அவை. பிள்ளை அழுதாலும் வாங்காதே. தாய்ச்சூடு இல்லாமல் பெரும்பாலும் மூன்று நாள் தாண்டாது. பிள்ளை அதைவிட அதிகமாக அழும். ஏற்கெனவே வாங்கிவிட்டால் விட்டுவிடாதே. புதிதாகப் பொரித்த கோழி இருந்தால், நள்ளிரவில் அதன் இறக்கைக்கு அடியில் மெல்லச் செருகு. விடிந்ததும் தன் பிள்ளை என்றே பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். பகலில் விட்டால் கொத்திவிடும்.

9. தாய்க்கோழியின் குரலைக் கற்றுக்கொள். தீனி கண்டால் ஒரு கூப்பாடு, வழி நடத்த ஒரு முணுமுணுப்பு, மேலே நிழல் ஓடினால் ஒரு நீண்ட கேவல். அந்தக் கேவல் கேட்டதும் குஞ்சுகள் எல்லாம் செடிக்கடியில் கல்லாகக் கிடக்கும். நீ அடுப்படியில் இருந்தாலும் அந்தக் குரலுக்கு உன் கால் எழ வேண்டும். முதல் மூன்று வாரம் நீ பக்கத்தில் இல்லாத நேரமெல்லாம் குஞ்சு பஞ்சாரத்துக்குள் இருக்கட்டும்.

பருந்தின் மேலும் கீரியின் மேலும் பகை வளர்க்காதே. ஒரு கீரி தொடர்ந்து ஐந்து குஞ்சு கொண்டுபோன ஆத்திரத்தில், செத்த கோழி ஒன்றில் விஷம் வைத்து வேலியோரம் போட்டேன். கீரி அதைத் தொடவில்லை. எங்கள் வீட்டு நாய் தின்றுவிட்டது. எட்டு வருஷம் எங்கள் வாசலில் கிடந்த நாய். கீரியைக் கொல்வது 1972-ம் வருஷத்து வன உயிரினச் சட்டப்படி குற்றம் என்று பின்னால் ஒருவர் சொன்னார். எனக்குச் சட்டம் எதற்கு? அந்த நாய் என் காலடியில் வந்து விழுந்ததே போதும். வேலியின் ஓட்டையை அடை. அதுதான் உன் வேலை.

10. பொழுது சாய்ந்ததும் எண்ணிப் பார்த்துக் கூட்டை அடை. காய்ச்சல் அடித்தாலும், விருந்தாளி வந்தாலும், வீட்டில் சண்டை என்றாலும் அடை. பங்குனிப் பொங்கலுக்கு ஒரு ராத்திரி கூத்துப் பார்க்கப் போன மயக்கத்தில் விட்டுவிட்டேன். மரநாய் புகுந்து ஒன்பது கோழியின் கழுத்தைக் கடித்துப் போட்டிருந்தது. தின்றது ஒன்றைத்தான்.

11. இனி அந்தக் கோடை. 1987, மாசி கடைசி. பக்கத்துத் தெருவில் கோழிச் சீக்கு என்று பேச்சு. என் கொல்லையில் 30 உருப்படி. ஒரு காலையில் மூன்று கோழிகள் இறக்கையைத் தொங்கவிட்டு, கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டு நின்றன. இன்னும் கழிச்சல் வரவில்லை. செத்தால் நஷ்டம்தானே என்று என் மனம் கணக்குப் போட்டது. மூன்றையும் கூடையில் போட்டுச் சந்தைக்குக் கொண்டுபோனேன். ஒரு வயதான அம்மா வந்தார். மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, பால் ஊறக் கறிச்சாறு வைக்க ஒன்று, மற்ற இரண்டு வளர்க்க என்றார். "ஏன் சோர்ந்து நிற்குது?" என்று கேட்டார். "வெயில்ல வந்த களைப்பு ஆத்தா" என்றேன்.

வீட்டுக்கு வந்து நாலு நாளில் என் கொல்லையே படுத்தது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல். கழுத்து முறுக்கிக்கொண்டு தலை பின்னால் திரும்பும். நிற்க முடியாமல் வட்டம் சுற்றி விழும். பத்து நாளில் 27 கோழியைக் குழி வெட்டிப் புதைத்தேன். சித்திரையில் அந்த அம்மாவின் ஊர்க்காரர் ஒருவர், தங்கள் ஊரில் சேவல் கூவி ஒரு மாதம் ஆகிறது என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு போனார். என் மூன்று கோழியால்தான் அது நடந்தது என்று யாரும் சொல்லவில்லை. அந்த அம்மாவைப் பல வருஷம் சந்தையில் கண்ணால் தேடினேன், மன்னிப்புக் கேட்கலாம் என்று. பார்க்கவே இல்லை.

அதனால் உன்னிடம் கேட்டுக்கொள்கிறேன், மருமகளே. சோர்ந்த கோழியை விற்காதே. யாருக்கும் கொடுக்கவும் கொடுக்காதே. தனியே பிரித்து வை. செத்தால் ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதை, வாய்க்காலில் வீசாதே. புதிதாக வாங்கின கோழியை இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகு மற்றவற்றோடு விடு.

அந்தச் சீக்கை நாம் வெள்ளைக் கழிச்சல் என்கிறோம். மருத்துவர்கள் ராணிக்கெட் நோய் என்பார்கள், வடக்கே உள்ள மலையூர் ஒன்றின் பெயர் அது. வந்த பிறகு மருந்து கிடையாது. வருமுன் தடுக்க மருந்து உண்டு. குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டாவது வாரம் இறக்கைக்கு அடியில் ஊசி. பிப்ரவரியில் கால்நடைத் துறை ஊர் ஊராக முகாம் போட்டு இலவசமாகப் போடுகிறது. தேதியைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டு வை. மருந்துக் குப்பியைப் பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும், உடைத்துக் கலக்கினால் கையோடு போட்டு முடிக்க வேண்டும். குப்பி ஒன்றில் 100 கோழிக்கான மருந்து இருக்கும். உன்னிடம் இருக்கப்போவது 10 குஞ்சு. அதனால் தெருவில் எல்லாரையும் கூப்பிடு. உன்னோடு பேசாதவள் வீட்டுக் கோழிக்கும் போடு. அவள் கொல்லையில் சீக்கு வந்தால் உன் வேலி அதைத் தடுக்காது.

கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு அரைத்து நானும் இன்றுவரை கொடுக்கிறேன். சொட்டு மருந்துக்குப் பதிலாக அதைக் கொடுத்ததில்லை, 87-க்குப் பிறகு.

12. கோழிக்கு வேலி தெரியாது. உனக்குத் தெரிய வேண்டும். அறுப்புக் காலத்தில் களத்தில் அடுத்தவர் நெல் காய்கிறபோது உன் கோழியைக் கட்டி வை. கீரை விதைத்த பாத்தியைக் கிளறிவிட்டதென்று யாராவது சொன்னால், "என் கோழி போகாதே" என்று வாதாடாதே. விதையை வாங்கிக் கொடு. உன் கோழி பக்கத்து வீட்டு வைக்கோல்போரில் முட்டை இட்டிருந்தால், கேட்டு எடு. அவர்கள் கோழி உன் போரில் இட்டிருந்தால், கேட்குமுன் கொண்டுபோய்க் கொடு. கோழி வாங்க வசதியில்லாதவள் வந்து நின்றால் ஒரு பெட்டையை வாரத்துக்குக் கொடு. பொரிக்கிற குஞ்சில் பாதி அவளுக்கு, பாதி உனக்கு. அவள் எண்ணிக்கை குறைத்துச் சொன்னாலும் கூடையைக் கவிழ்த்துப் பார்க்காதே.

13. முட்டை முதலில் வீட்டுக்கு. கோழிக் காசு பெண்களின் சிறுவாடு. அந்தக் காசில்தான் நான் கம்மல் மீட்டேன், உன் அத்தான் காலேஜுக்குப் பணம் கட்டினேன். அதில் எனக்கு நிறைவு உண்டு. ஆனால் அந்தக் காசு மேல் வைத்த ஆசையில் ஒன்றைப் பார்க்கத் தவறினேன். ஒரு முட்டை விடாமல் கடைக்குப் போட்டேன். 1989-ல் சத்துணவில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று கொடுக்க ஆரம்பித்தார்கள். முதல் முட்டை கொடுத்த அன்று உன் அத்தாச்சி, அப்போது ஒன்பது வயது, வாசலிலிருந்தே ஓடிவந்தாள். "அம்மா, இன்னைக்கு ஸ்கூல்ல முழு முட்டை குடுத்தாங்க, நான் முழுசா தின்னேன்" என்றாள். நான் அப்போது சந்தைக்கு எடுத்துப்போக உமிக்குள் 40 முட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். அன்றிரவே இரண்டு அவித்தேன். அவளுக்கு இப்போது 45 வயது. வந்தால் இன்றும் முதலில் அவளுக்கு ஒரு முட்டை அவித்து வைக்கிறேன். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

விற்கும்போது கோழியின் காலைக் கட்டித் தலைகீழாகச் சைக்கிளில் தொங்கவிடாதே. கூடையில் கொண்டு போ, நிழலில் வை, தண்ணீர் காட்டு. குஞ்சோடு நிற்கிற தாயை எவ்வளவு விலை வந்தாலும் கொடுக்காதே. சாமிக்கு நேர்ந்து விட்ட சேவலை அவசரத்துக்கு எடுத்து விற்றுவிட்டு, பிறகு வேறொன்று விட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதே. கோழி விஷயத்தில் தளர்த்திய வாக்கு மற்ற இடத்திலும் தளரும்.

14. ஆறு, எட்டு வாரம் ஆனதும் ஒரு நாள் தாய்க்கோழி தன் குஞ்சுகளையே கொத்தி விரட்டும். நேற்றுவரை தன் அலகில் எடுத்த தீனியைக் கீழே போட்டுக் கொடுத்த கோழி அது. குஞ்சுகள் புரியாமல் திரும்பத் திரும்பக் கிட்டே போகும், மறுபடி கொத்து வாங்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்து தாயைக் கம்பால் அடித்து விரட்டினேன். நீ அப்படிச் செய்யாதே. அது அடுத்த ஈட்டுக்கு உடம்பைத் தேற்றிக்கொள்ள வேண்டும். தீனியை இரண்டு இடத்தில் போடு, தாய்க்கு ஒரு பக்கம், குஞ்சுகளுக்கு ஒரு பக்கம். மூன்று நாளில் குஞ்சுகள் தாங்களாகவே ஒரு கூட்டமாகிவிடும். இரவில் எந்தக் கிளை, எந்தக் கம்பு என்று அவற்றுக்குள்ளேயே இடம் பிரித்துக்கொள்ளும்.

செவ்வாய்க்கிழமை உன் மாமா சந்தைக்குப் போகிறார். போகிற வழியில் கூடையை உன் வீட்டில் இறக்கிவிடுவார். பழுப்பு நிறக் கோழி, இடது கால் நடுவிரலில் நகம் இருக்காது. கூமுட்டை இரண்டைத் தனியே துணியில் முடிந்து வைத்திருக்கிறேன். நல்ல முட்டையோடு சேர்த்துவிடாதே. கிணற்றடிப் பக்கம் சாய்ப்பு இருக்கிறதே, அந்த மூலையைத் திங்கட்கிழமையே பெருக்கிச் சாம்பல் போட்டு வை. இருட்டிய பிறகு கோழியை இறக்கு. இறக்கும்போது பேசாதே, விளக்கு வேண்டாம், அடிவயிற்றைக் கையில் தாங்கி வை. உட்கார்ந்துவிட்டதா என்று மறுநாள் காலையில் எனக்குச் சொல்.